இரண்டாம் வலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழகத்திலிருந்து வடபுலத்திற்குத் தலப்பயணம் செல்லும் குழுக்களின் நிகழ்ச்சிநிரலில் இருவகை ஊர்கள் இடம்பெறுவது வழக்கம். பிரயாகை, காசி, கயை ஆகியவை ஒருவகை. அங்கே நீராடல், தரிசனம், பிதுர்க்கடன் என நாளும் நாழிகையும் குறிக்கப்பட்டிருக்கும். சாரநாத்தும் புத்தகயையும் மற்றொரு வகை. அவற்றுக்கு நேரே 'சுற்றிப் பார்த்தல்' என்னும் ஒரு தொடரும் அரை நாட்பொழுதும் மட்டுமே இருக்கும். முதன்முறை செல்வோர் இந்த நிரலை அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர். மீண்டும் செல்வோர்க்கே இந்தப் பிரிவினை சற்று உறுத்துகிறது.

காசிக்கும் சாரநாத்துக்கும் இடையே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கயைக்கும் புத்தகயைக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இந்த அண்மைக்குக் காரணம் உண்டு. சித்தார்த்தர் தவமிருக்கத் தேர்ந்த உருவேலா, வேள்வித்தீ வளர்த்த முனிவர்கள் வாழ்ந்த நிலம். ஞானம் பெற்றபின், தம்மை விட்டு நீங்கிய ஐவரைத் தேடி அவர் நடந்து சென்ற மான்பூங்காவோ காசி நகரின் புறத்தே துறவியர் தங்கிய சோலை. பிறர் புனிதம் என்று போற்றிய இடங்களுக்கு அருகிலேயே அவருடைய வாழ்வின் இரு பெரு நிகழ்ச்சிகளும் அமைந்தன. கயைக்கு வருவோர் தருமாரணியம் சென்று போதி மரத்தையும் வணங்க வேண்டும் என்று வாயு புராணத்தின் கயா மாகாத்மியம் விதிக்கிறது. இன்றும் பிண்டமிட வந்தோர் சிலர் புத்தகயைக்குச் சென்று அந்தக் கடனையும் நிறைவேற்றுகின்றனர்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சாரநாத்தில் முதல் அறவுரையை நிகழ்த்திய புத்தர், அதன்பின் உருவேலாவுக்கே திரும்பினார். முதன்முறை அங்கே அவர் மரத்தடியில் தனியே இருந்தார். இரண்டாம் முறை சென்றபோதுதான் காசியப உடன்பிறப்பினர் மூவரும் அவர்தம் மாணாக்கரும், சடைமுடியும் வேள்விக் கருவிகளும் நீக்கி அவர் வழிப்பட்டனர். கயாசீசக் குன்றில் ஆயிரவர்க்கு அவர் உரைத்த தீப்பொருள் பேருரை இம்மறுபயணத்தின் விளைவு. அக்குன்றையே இன்று பிரம்மயோனி மலை என்று அறிஞர் இனம் காண்கின்றனர். இந்துக்கள் அதன்மேல் ஏறி வழிபடுகின்றனர்.

தமிழில் இக்கருத்தை விளங்க உரைக்கும் காப்பியம் மணிமேகலை. 1898ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலின் முப்பது காதைகளுள் மணிமேகலை இருமுறை மணிபல்லவம் செல்கிறாள். முதற் செலவு யாவரும் அறிந்தது. மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்தில் எடுத்துச் சென்று அத்தீவின் கரையில் விட்டுவிடுகிறது. தனியளாய் அலறி அலைந்தவள் புத்த பீடிகையைக் காண்கிறாள். தன் முற்பிறப்பை உணர்கிறாள். தீவதிலகையின் துணையால் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபியைப் பெறுகிறாள். பாடநூல்களில் இடம்பெறுவதும் மேடைகளில் பேசப்படுவதும் பெரும்பாலும் இப்பகுதியே.

இருபத்தைந்தாம் காதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் அவள் மீண்டும் அத்தீவுக்கு வருகிறாள். அழுகையும் தனிமையும் இம்முறை இல்லை. சாவக நாட்டு மன்னன் புண்ணியராசன் மரக்கலத்தில் வந்து இறங்க, அவனை எதிர்கொண்டு அழைத்து, தீவை வலம்வரச் செய்து, பிறப்பை உணர்த்தும் பீடிகை இது என்று காட்டுகிறாள். பீடிகை இப்போது காட்டுவது அவனுடைய பிறப்பை. முற்பிறப்பில் ஆபுத்திரனாய் அமுதசுரபி ஏந்தியவன் அவன். உண்பார் இல்லாத தீவில் அப்பாத்திரத்தைத் தான் ஒருவனே வைத்துக்கொள்ள மனமின்றிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர்விட்டவன். தீவதிலகை சுட்டிய இடத்தில் மணலைத் தோண்ட, அவனுடைய பழைய உடம்பின் எலும்புகளே வெளிப்படுகின்றன. அவனைத் தேடிவந்து அங்கேயே மாண்ட செட்டிகள் ஒன்பதின்மர் எலும்புகளும் அருகில் கிடக்கின்றன. மன்னன் மயங்குகிறான். அவனைத் தேற்றும் மணிமேகலை, உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அறம் என்று கூறி அவனை அவன் நாட்டுக்கு அனுப்புகிறாள். முதற் செலவில் தன் பிறப்பை அறிந்தவள், மறு செலவில் பிறன் ஒருவனுக்கு அவன் பிறப்பைக் காட்டும் வழிகாட்டி ஆகிறாள்.

இக்காதையை முப்பது ஆண்டுகள் வகுப்பில் விரைந்து கடந்துவிட்ட தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வுக்குப் பின், 2003ஆம் ஆண்டு மாசியில், மனைவியுடன் ஒரு குழுவிற் சேர்ந்து அவர் காசிக்கும் கயைக்கும் சென்றார். புத்தகயையில் அவர் ஓய்ந்து நிற்கவில்லை. அசோகர் எழுப்பிய பழைய கோயிலின் இடத்தில், ஐந்து ஆறாம் நூற்றாண்டுகளில் செங்கல்லால் கட்டப்பட்டு ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்து நிற்கும் இம்மகாபோதிக் கோயிலை, முந்தைய ஆண்டான 2002இல்தான் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதனை அவர் குழுவினர்க்கு விளக்கினார். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங் இம்மரத்தடியில் குப்புற வீழ்ந்து, புத்தர் வாழ்ந்த காலத்தில் பிறவாமற் போனதற்கு அழுததை எடுத்துரைத்தார். 1876இல் பழைய மரம் சாய்ந்ததையும், 1881இல் கன்னிங்காம் புதிய கன்றை நட்டதையும் சொன்னார். கேட்டவர் அனைவரும் பாராட்டினர்.

அவருடைய மனைவி மட்டும் மரத்தின் மேற்கே சுவரோரம் அமர்ந்திருந்தார். புறப்படும் நேரம் வந்தபோது, "இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். "பேருந்து நிற்கிறது, இன்னொரு முறை வரலாம்" என்றார் ஆசிரியர். அந்த அம்மையார் எழுந்து வந்துவிட்டார். அந்த இன்னொரு முறை அவர்க்கு வாய்க்கவில்லை.

இருபத்தோராண்டு கழிந்து, 2024ஆம் ஆண்டுக் கார்த்திகையில், ஆசிரியர் தனியே மற்றொரு குழுவிற் சேர்ந்து புறப்பட்டார். முப்பதுக்கு மேற்பட்டோர் கொண்ட குழு. பயண அமைப்பாளர் ஒருவர். பாத்திரங்களும் பலசரக்குமாக உடன்வந்த சமையற்காரர் ஒருவர்.

காசியில் அவர் நினைவிலிருந்த வழி இல்லை. 2003இல் விசுவநாதர் சந்து என்பது பூக்கடையும் பால்கடையும் மாடும் மனிதரும் நெருங்கிய இடுக்கு வழி. அவ்வழியில் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு சென்றதே அவர் நினைவு. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தில், கங்கைக் கரையிலிருந்து கோயில்வரை அகன்ற கல் முற்றம் விரிந்து கிடக்கிறது. முதியோர் பலர் இவ்வசதியை வாழ்த்தினர். கைபற்றத் தேவையில்லாத வழியாயிற்று என்று மட்டும் ஆசிரியர் கூறினார். கேதார கட்டத்தில் குமரகுருபரர் நிறுவிய மடத்தையும், பாரதியார் இளமையில் உலவிய படித்துறைகளையும் அவர் காட்டியபோது, முன்போல் ஆண்டுகளை அடுக்கவில்லை.

சாரநாத்தில் குழுவினர் தாமேக தூபியின் முன் படம் எடுத்துக்கொண்டனர். சிங்கத் தலைத் தூண் வைக்கப்பட்ட அருங்காட்சியகத்திற்கு விரைந்தனர். 1904-05இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சிங்கங்களே 1950இல் நாட்டின் சின்னமாயின. ஆசிரியரோ தரைமட்டமாய்க் கிடக்கும் ஒரு செங்கல் வட்டத்தருகே நின்றார். அது தர்மராஜிகம் என்னும் தூபியின் அடித்தளம். 1794இல் காசி அரசின் திவானாயிருந்த ஜகத் சிங் என்பவரின் ஆட்கள், நகரில் கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டி அதனை இடித்தனர். உள்ளே ஒரு கல் பெட்டகமும் அதனுள் பளிங்குச் சிமிழும் கிடைத்தன. சிமிழில் சில மனித எலும்புகள் இருந்தன. அவை யாருடையவை என்று அறியாத மக்கள், தம் முன்னோர்க்குச் செய்வதையே அவற்றுக்கும் செய்தனர், கங்கையில் கரைத்தனர். இச்செய்தியை அக்காலத்தே காசியில் ஆங்கிலேய அதிகாரியாயிருந்த ஜோனதன் டங்கன் பதிவு செய்திருக்கிறார்.

தொல்பொருள் நோக்கில் அது பேரிழப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் அந்த எலும்புகளைக் குப்பையில் எறியாமல் ஆற்றுக்கு எடுத்துச் சென்ற கைகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மணிபல்லவத்து மணலில் கிடந்த எலும்புகளைப் பற்றி இத்தனை ஆண்டு பாடம் சொல்லாமல் விட்டது அன்றுதான் ஆசிரியர்க்கு உறைத்தது. குழுவில் பாட்டிக்குத் துணையாக வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அந்த வட்டத்தில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஆபுத்திரன் கதையின் பிற்பகுதியை அவளுக்கு அவர் முழுதும் சொன்னார். கேட்டு முடித்தவள், "பாடத்தில் பாத்திரம் கிடைத்ததோடு முடிந்துவிட்டதே, ஐயா" என்றாள்.

கயையில் பல்குனி ஆறும் மாறியிருந்தது. சீதையின் சாபத்தால் மணலுக்கடியில் ஓடுவதாகச் சொல்லப்படும் ஆறு அது. 2003இல் அவர் மனைவி ஆற்று மணலைக் கையால் பறித்து ஊறிய நீரை அள்ளித் தந்தார். 2022இல் விஷ்ணுபாதம் கோயிலருகே கட்டப்பட்ட ரப்பர் அணையால் இன்று அங்கே நீர் தேங்கி நிற்கிறது. படியில் இறங்கினால் நீர் கிடைக்கிறது. அணையின் பயனை மறுப்பதற்கில்லை. மணலைத் தோண்டிய அந்தக் கை மட்டும் இப்போது இல்லை.

1787இல் அகல்யாபாய் ஓல்கர் எடுப்பித்த கருங்கற் கோயிலின் மண்டபத்தில் சடங்கு தொடங்கியது. கயைச் சடங்கில் கவிஞர் அறியத்தக்க பகுதிகள் இரண்டு உண்டு. ஒன்று, தாய்க்கென்றே இடும் பதினாறு பிண்டங்கள். கருவில் சுமந்த வருத்தம், ஈன்ற நோவு, கண் விழித்த இரவுகள் என ஒவ்வொரு துன்பத்தையும் ஒரு செய்யுளாற் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிண்டம் வைக்கப்படுகிறது. மற்றொன்று, பிறர்க்கு இடும் பிண்டம். மகன் தந்தைக்குச் செய்வதோடு அங்கே கடன் முடிவதில்லை. ஆசிரியர், நண்பர், ஏவலர், அயலார், வளர்த்த விலங்கு, பெயர் தெரியாதோர், நீர்க்கடன் செய்ய ஒருவரும் இல்லாதோர் ஆகிய அனைவர்க்கும் அங்கே இடம் உண்டு.

மனைவியின் பெயரைச் சொல்லி முடித்தபின், வேறு பெயர்கள் உண்டா என்று புரோகிதர் கேட்டார். குழுவினர் சிலர் அண்டை வீட்டார் பெயர்களைச் சொன்னார்கள். காலைச் சிற்றுண்டி கொண்டுவந்து தூணோரம் நின்ற சமையற்காரர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"வாத்தியார் ஐயா, என் தம்பி பேரைச் சொல்லலாமா?"

அவர் நாகப்பட்டினக் கடற்கரையைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அவருள் அந்தத் தம்பியும் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. அதன்பின் கடற்கரை வாழ்வை விட்டுச் சமையல் தொழிலுக்கு வந்தவர், யாத்திரைக் குழுக்களோடு பதினாறு முறை கயைக்கு வந்திருக்கிறார். ஒருமுறையும் அப்பெயரை அங்கே சொன்னதில்லை. பிறர் பணம் கட்டிச் செய்யும் சடங்கில் தம் பெயர் புகுவது முறையன்று என்று எண்ணியிருந்தார். கோத்திரம் தெரியவில்லை என்றபோது, காசியப கோத்திரம் என்று சொல்லலாம் என்றார் புரோகிதர். ஆசிரியர் பெயரை மும்முறை சொல்லிப் பிண்டம் வைத்தார். இருபத்தைந்தாம் காதையில்தான், புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியையும் தீவதிலகை மணிமேகலைக்குச் சொல்கிறாள் என்பது அவர் நினைவுக்கு வந்தது.

அட்சயவட மரத்தடியில், விருப்பமான காயோ கனியோ ஒன்றை இனி உண்பதில்லை என்று விட்டுவருவது மரபு. 2003இல் ஆசிரியர் பாகற்காயை விட்டார். அவர்க்கு அது எப்போதுமே ஆகாது. மனைவி கொய்யாவை விட்டார். அதனை அவர் மிக விரும்புவார். அதன்பின் இறுதிவரை தொடவில்லை. இம்முறை ஆசிரியர் கொய்யாவை விட்டார்.

நண்பகலுக்குப் பின் புத்தகயைப் பேருந்து ஆயத்தமாயிற்று. பதினாறு முறை வந்த சமையற்காரர் அக்கோயிலின் உள்ளே ஒருமுறையும் சென்றதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழு சுற்றிப் பார்க்கும் அரை நாளில் அவர் கயைச் சத்திரத்தில் இரவு உணவு சமைப்பார். நிகழ்ச்சிநிரலின்படி அதுவே முறை. இன்று அவரும் வரட்டும் என்றார் ஆசிரியர். "சாப்பாடு தாமதமானால் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்" என்று அமைப்பாளர் தயங்கினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்பே புத்தகயையைப் பார்த்திருந்த மூன்று பெண்கள், தாங்கள் தங்கிச் சமைப்பதாகக் கூறவே பேருந்து புறப்பட்டது.

புத்தகயை இன்றும் அமைதி முற்றிய இடம் அன்று. 1891இல் அங்கு வந்த இலங்கையர் அநாகாரிக தர்மபாலர், சைவ மகந்தின் பொறுப்பிலிருந்த கோயிலைப் பௌத்தர்க்கு மீட்க முனைந்து மகாபோதி சங்கத்தைத் தோற்றுவித்தார். 1895இல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், இந்துக்கள் நால்வரும் பௌத்தர் நால்வரும் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு ஆளும் குழுவை அமைத்தது. 1953இல் கோயில் அக்குழுவிடம் வந்தது. ஆட்சியர் இந்துவாகவே இருத்தல் வேண்டும் என்ற விதி 2013இல் நீக்கப்பட்டது. முழு உரிமையும் பௌத்தர்க்கே வேண்டும் என்று 2025இல் பிக்குகள் உண்ணாநோன்பு இருந்தனர். வரலாற்று உரிமை ஒருபுறமும் தொடர் வழிபாட்டு மரபு மறுபுறமும் நிற்க, வழக்கு நீள்கிறது.

இதற்கு மணிமேகலை தீர்ப்பு எதுவும் வைத்திருக்கவில்லை. ஒரு காட்சி வைத்திருக்கிறது. அப்பீடிகைக்காக நாக நாட்டு அரசர் இருவர் தமதே என்று போரிட்டனர். இருவராலும் அதனை எடுக்க இயலவில்லை; இருவர்க்கும் பற்றும் நீங்கவில்லை. அப்போது புத்தர் வந்து, அது தமது என்று கூறிப் போரை நிறுத்தச் செய்து, அதன்மேல் அமர்ந்து அறம் உரைத்தார். எடுத்துச் செல்ல வந்தவர் கைக்கு வாராத இருக்கை, அமர வந்தவர்க்கு இடம் தந்தது.

2013 ஜூலையில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கடுமையாகிவிட்ட சோதனைகளைக் கடந்து குழுவினர் உள்ளே சென்றனர். ஆசிரியர் விளக்கவுரை நிகழ்த்தவில்லை. இம்முறை மாணவிதான் குழுவினர்க்கு யுவான் சுவாங் அழுத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் சமையற்காரரை அழைத்துக்கொண்டு கோயிலை வலம் வந்தார். மேற்குப் புறத்தில் மரத்தையும் அதனடியிலுள்ள வச்சிராசனத்தையும் காட்டினார். பிறகு, சுவரோரம் ஓரிடத்தைச் சுட்டி, "இங்கே உட்காரலாம், தம்பி" என்றார்.

திபெத்தியர் சிலர் மரப்பலகைகளின்மேல் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து எழுந்துகொண்டிருந்தனர். இலங்கையிலிருந்து வந்த வெள்ளுடை மகளிர் பாலியில் ஓதினர். தலை மழித்த கயைப் பயணிகள் சிலர் மரத்தைத் தொழுது சென்றனர். சமையற்காரர் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, "இங்கே சமைக்கிற சத்தமே கேட்கவில்லை, ஐயா" என்றார். அமைப்பாளர் தொலைவிலிருந்து கையசைத்தார். ஆசிரியர் எழவில்லை. மீண்டும் கையசைத்தார். கால் மணி நேரம் பொறுக்குமாறு மாணவி சென்று சொல்லிவந்தாள். பேருந்து நின்றது.

நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூளாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராசன் காலத்தில் ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதை லெய்டன் செப்பேடு உரைக்கிறது. சைவனாகிய சோழன் தந்த ஊரின் விளைச்சலால் பௌத்தத் துறவியர் உண்டனர். அவ்வூர்க் கரையிலிருந்து வந்தவர் போதி மரத்தடியில் அமர்ந்திருக்க, அவர் குழுவினர்க்கான இரவு உணவு கயையில் பிறர் கையால் வெந்துகொண்டிருந்தது.

குழு சத்திரம் திரும்பியபோது மணி ஒன்பதைக் கடந்துவிட்டது. எலுமிச்சைச் சோற்றில் உப்பு சற்று மிகுதி. யாரும் குறை கூறவில்லை. சமையற்காரரை முதற்பந்தியில் அமர்த்தி, அந்த மூன்று பெண்களே பரிமாறினர். பதினாறு பயணங்களிலும் அவர் கடைசியில் உண்டு பழகியவர். இலை முன் அமர்ந்தவர் கை வைக்கத் தெரியாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்பியபின் ஆசிரியர் மணிமேகலையின் இருபத்தைந்தாம் காதையை எடுத்து, தம் தெருவில் உள்ள சிலர்க்கு ஞாயிறுதோறும் சொல்லத் தொடங்கியிருக்கிறார். இவ்வட்டத்தின் உறுப்பினரும் அக்காதையை இவ்வாண்டு மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.